கற்பனை என்று எழுதிக் கொடுக்காதவர்

இலக்கியம் எழுத அரசு ஊழியருக்கு முன் அனுமதி தேவையில்லை. நாளிதழில் மற்றவற்றை எழுதத்தான் அனுமதி வேண்டும். விதி அப்படித்தான் இருந்தது. எது இலக்கியம் என்பதை மேலதிகாரி முடிவு செய்வார் என்பது விதியில் இல்லை, நடைமுறையில் இருந்தது.

தென்காசி தாலுகா அலுவலகத்தில் எங்கள் தலைமை எழுத்தர் கவிஞர். குற்றால அருவியை வெள்ளிச் சேலை, முத்துமாலை என்று பாடிக்கொண்டிருந்தவரை 1962-ல் வந்த சீனப் போர், கட்டுரையும் எழுத வைத்தது. நாளிதழில் வந்த ஒன்றில், போர்முனைக்குப் போன மகனைப் பற்றித் தகவல் கேட்டு எங்களிடம் மனுக் கொடுத்திருந்த வீரகேரளம்புதூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி வருகிறாள். ஐப்பசி மழையில் அருவி செம்மண் நிறத்தில் இரைகிறது; யாரையும் குளிக்க விடவில்லை. ஓரத்து நீரில் கையை வைத்துக்கொண்டு அவள் கேட்கிறாள்: “பனி இத விடக் குளிருமாய்யா? எம்புள்ள மெல்லிசுச் சட்டையோடல்லா போயிருக்கான்.”

அதே தாயை அவர் கவிதையாகவும் எழுதினார். கவிதையில் அவள் எதுவும் கேட்கவில்லை. கை மட்டும் நீரில் இருந்தது. போர் நிதிக் கூட்டத்தில் அதை வாசித்தபோது மேலதிகாரி கைதட்டினார். கட்டுரை மக்களின் மன உறுதியைக் குலைப்பதாக விளக்கம் கேட்ட குறிப்பாணையிலும் அவரேதான் கையொப்பமிட்டார். வாய் திறக்காத தாய் இலக்கியம், திறந்தவள் குற்றச்சாட்டு.

அதன்பின் டீக்கடையில் எங்களுக்குப் பின்னால் ஒருவர் தினமும் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பியதே இல்லை. நான் குரலைத் தாழ்த்தினேன்.

“அண்ணாச்சி, கட்டுரை முழுக்கக் கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. இலக்கியம் ஆயிரும், வேலையும் போவாது.”

“அந்தம்மா மனு நம்ம ஆபீஸ்லதானலே கெடக்கு? நான் கற்பனைன்னு எழுதுனா மனுவ என்ன செய்வாவ?”

கற்பனைப் பெண்ணின் மனுவை முடித்துவைக்க ஒரு வரிக் குறிப்பு போதும். எனக்கு அது தெரியும், டீ கிளாஸுக்குள் பார்த்தேன்.

“சொல்லாண்டாம்லே, ஒம் மூஞ்சியே சொல்லுது. பின்னால இருக்க அண்ணாச்சிக்கும் ஒரு டீ சொல்லு. நம்மளால அவரும் வெயில்ல அலையுதாரு.”

எழுதியது அனைத்தும் நடந்தது என்று கையொப்பமிட்டுக் கொடுத்தார். தற்காலிகப் பணிநீக்க ஆணை உடனே வந்தது. இம்மாதிரி ஆணைகள் தாமதிப்பதில்லை. அவர் கட்டுரையை நிறுத்தினார். கவிதையும் தானாக நின்றது. ஊமைத் தாயை மறுபடி எழுத அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். மனு மட்டும் முடிக்கப்படாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

மகனை இறந்தவராகக் கருதுவதாகவும், தாய்க்கு ஓய்வூதியம் உண்டு என்றும் கடைசியில் ராணுவத்திலிருந்து பதில் வந்தது. கவிஞர் அப்போதும் தற்காலிகப் பணிநீக்கத்தில்தான் இருந்தார். அந்தப் பதிலை நான் பதிவு செய்துகொண்டிருக்கையில் டீக்கடை வானொலி பாகிஸ்தானோடு அடுத்த போரை அறிவித்துக்கொண்டிருந்தது. பதிவு முத்திரையில் இருந்த தேதி, 1965 செப்டம்பர் 6.