திண்டிவனம் தாண்டிட்டேன்க்கா

இது 2009-ல் நடந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதா ஒரு மெஸ் நடத்திக்கினு இருந்தோம். ஞாயித்துக்கிழமை எங்க மீன் குழம்புக்குன்னே ஆளுங்க வருவாங்க. மீன் கொண்டு வர்றது மரக்காணத்துத் தம்பி ஒருத்தன். மொபெட்டுல ஐஸ் பெட்டியைக் கட்டிக்கினு திண்டிவனம் வழியா வருவான்.

மீன் நயமான மீன்தான். ஆளோட வாயிலதான் உண்மை வராது. எப்ப போன் போட்டாலும், "திண்டிவனம் தாண்டிட்டேன்க்கா"ம்பான். அப்பதான் ஊர்ல பல்லு வெளக்கிக்கினு இருப்பான். அவன் வந்து சேர்றதுக்குள்ள பாதிக் கூட்டம் வேற கடைக்குப் போயிடும். எங்க மெஸ்ல அது ஒரு பேச்சாவே ஆயிடுச்சு. சோறு ஆச்சான்னு கேட்டா சமையல் மாஸ்டர், "திண்டிவனம் தாண்டிடுச்சும்மா"ம்பார். இன்னும் உலையே கொதிக்கலைன்னு அர்த்தம்.

வேற ஆளைப் பார்க்கலாம்னா, அந்த மாதிரி மீன் யாரு தர்றாங்க? பேஜாரு புடிச்சவன்னு திட்டிக்கினே ஓட்டினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அவனே போன் பண்ணான். "அக்கா, நெஜமாவே திண்டிவனம் தாண்டிட்டேன். மசாலா அரைச்சு வைங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. மாஸ்டரும் சிரிச்சார். ஜல்தியா முட்டைக் குழம்புக்கு ஏற்பாடு பண்ணோம். அப்புறம் நான் போன் போட்டா ரிங் போய்க்கினே இருந்துச்சு. என் நம்பரைப் பார்த்துட்டுத்தான் எடுக்கலைன்னு வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச லாரி டிரைவர் ஒருத்தர் கை கழுவிக்கினே சொன்னார்: "விக்கிரவாண்டிகிட்ட மொபெட்டு ஒண்ணு அடிபட்டுக் கெடக்குதும்மா. ரோடு பூரா சங்கரா மீனு."

நான் கேட்டிருந்தது சங்கராதான்.

அடக்கத்துக்குப் போனோம். அவன் சம்சாரம் என்னைக் கட்டிக்கினு கதறுச்சு. "ஒரு நாளாவது அக்கா கடைக்கு நேரத்துக்குப் போய் நிக்கணும்னு டீ கூடக் குடிக்காம கெளம்புச்சுக்கா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதுச்சு. எல்லா நாளும் பொய் சொன்ன பாவி, அன்னிக்குப் போயா நெஜம் பேசணும்?

அதுக்கப்புறம் மாஸ்டர் அந்த வார்த்தையை எடுக்குறதே இல்லை.

மெஸ் இப்பவும் ஓடுது. காய்க்காரரோ எலைக்காரரோ லேட்டாகி, "வந்துக்கினே இருக்கேன்"னு சொன்னா நான் கோவப்படுறதில்லை. அந்த ஆளு சொல்றது பொய்யா இருக்கணும், இன்னும் வீட்டுலயே பத்திரமா படுத்துக்கினு இருக்கணும்னுதான் மனசு வேண்டிக்குது.