மேகம் மேய்ப்பவள்

"வடக்கே ஏரிக் கரைகள் இன்று உறையத் தொடங்கும்" என்று ரேடியோக்காரன் வாசித்ததும், "எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா சொல்லு ராசா" என்றாள் ஹெல்வி. மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. அவன் அடுத்ததாகத் தலைநகரத்து மழைக்குத் தாவினான். "அது உங்க பாடு" என்று முழங்கையாலேயே பொத்தானைத் தட்டி அவன் வாயை அடைத்தாள். தினமும் அவளுக்கு இருக்கும் ஒரே பேச்சுத்துணை அவன்தான். அவனையே இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச விடுவதில்லை என்றால் மற்றவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்.

ராஸ்தி ஏரிக்கு அக்கரையில், பாதை என்று ஒன்று போய்ச் சேராத இடத்தில் அவள் குடில். ஒரே அறை. ஒரு அடுப்பு, அடுப்போரம் ஒரு படுக்கை, கதவோரம் ஒரு பெஞ்சு. வலை அவள் பின்னியது. பீப்பாயில் உப்புப் போட்டிருக்கும் மீன் அவள் பிடித்தது. பின்னால் நாலு பாத்தி உருளைக்கிழங்கு, சதுப்பில் பறித்த மஞ்சள் பழம் ஜாடி ஜாடியாய், குளிர் வந்தால் கண்ணி வைத்து முயல். விறகு பிளப்பதும் கூரைக்கு ஒட்டுப் போடுவதும் அவளேதான். அறுபதைத் தாண்டிய பெண்பிள்ளை! ஒருமுறை வேட்டைக்கு வந்த ஒருவன், "யார் தயவும் இல்லாம வாழ்றீங்க" என்று உருகிவிட்டான். "இங்க காப்பிச்செடி முளைக்கட்டும், அப்புறம் வந்து சொல்லு" என்று அவன் கோப்பையை நிரப்பினாள்.

எதற்காக இந்தத் தனிமை, ஏதாவது காதல் தோல்வியா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி எந்த இழவும் இல்லை. மரம் வெட்டும் முகாமில் இருபது வருஷம் சமையல்காரியாக இருந்தாள். "நாப்பது ஆம்பளைங்க ஒண்ணா உக்காந்து சூப்பு உறிஞ்சுற சத்தத்தை நீ கேட்டிருக்கியா? கேட்டுட்டு வா, பேசலாம்" என்பாள். முகாமை மூடிய வருஷம், மாமா விட்டுப்போன இந்த மீன்பிடிக் குடிலுக்குப் பழம் பொறுக்க வந்தாள். "வந்தேன். திரும்பிப் போக மறந்துட்டேன்." அவ்வளவுதான் கதை.

வேலையெல்லாம் முடிந்த பிற்பகலில் அவளுக்கு ஒரு தொழில் உண்டு. "மேகம் மேய்க்கப் போறேன்" என்று அடுப்பிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் பனிமான் மேய்ப்பவர்கள். இவளுக்கு மான் கிடையாது, ஆகவே மேகம். பாசி மெத்தென்று படர்ந்த மேட்டில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். இலையுதிர் காலத்துச் சூரியன் இங்கே உச்சிக்கு ஏறுவதே இல்லை. மரங்களின் இடுப்பளவில் நின்று தேன் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும். ஏரியிலிருந்து மூடுபனி எழும்பும். மேகம் எது, ஏரி எது, தான் எது என்று அவளுக்கே குழம்பிப்போகும். கண் திறந்திருக்கும்போதே கனவு வரும். அந்தக் கனவில் ஒன்றுமே நடக்காது. அதுதான் அதில் சுகம் என்பாள். "மந்தையில ஒண்ணு காணாமப் போயிடுச்சு" என்று சில நாள் முனகிக்கொண்டே எழுந்து வருவாள்.

காட்டுக் குடில்களுக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. பூட்டு கிடையாது, கடைசியாக வந்தவனுக்குத்தான் அடுப்போரம். முன்னே வந்தவன் தின்று, காய்ந்து, களைப்பாறிவிட்டான் அல்லவா, அவன் நகர்ந்துகொள்ள வேண்டும். இது பொதுக் குடில்களுக்கு. ஹெல்வியோ சொந்தக் குடிலிலும் அதை மீறாதவள். போன குளிரில் பனிச்சறுக்குக் கட்டையோடு வழிதவறி வந்த ஒருவனுக்குப் படுக்கையைக் கொடுத்துவிட்டுத் தான் பெஞ்சில் முடங்கினாள். விடிந்ததும் காப்பி கொடுத்து, கையை நீட்டி வழியைக் காட்டி அனுப்பினாள். அப்புறம் கதவை விரியத் திறந்து வைத்தாள். "அவன் விட்ட மூச்செல்லாம் வெளிய போகட்டும்."

ரேடியோக்காரன் வாயை அடைத்த அன்றைக்கு மதியம் மோட்டார்ப் படகின் சத்தம் கேட்டது. தம்பி ஆர்மாஸ். வருஷா வருஷம் ஏரி உறையும் முன்பு காப்பித்தூளும் மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுவருவான். ஒரு கோப்பை காப்பி, ஒரு சண்டை, திரும்பிவிடுவான். மூட்டையை இறக்கப் போனவள் படகில் ஒரு தலையணையைப் பார்த்தாள்.

"இது என்னடா? என்னை மெத்தையில வச்சு ஊருக்குத் தூக்கிட்டுப் போகவா?"

"வந்தா என்ன? போன வருஷம் விழுந்து முட்டி வீங்கிக் கெடந்தியே, யாருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரிஞ்சுது. வலிச்சது எனக்குத்தானே."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு."

"மூணோ நாலோ, நானே பிடிச்சு நானே தின்னுக்கறேன். உன்னைக் கேட்டேனா?"

வழக்கமாகச் சண்டை முடிந்ததும் ஆர்மாஸ் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். இந்த முறை கிளம்பவில்லை. குடிலுக்குள் உட்கார்ந்து கோப்பையை இரண்டாம் தடவை நீட்டினான். மூன்றாம் தடவையும் நீட்டினான். வெளியே கரையோரத் தண்ணீர் மெல்லிய கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் தடித்தால் படகு போகாது. ஆள் நடக்கும் அளவுக்கு இறுகவோ வாரக்கணக்கில் ஆகும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்கிற காலம் அது. சிக்கினால் சிக்கியதுதான்.

"கிளம்புடா, பொழுது சாயுது."

"அக்கா, எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் சத்தம் போடுது."

"கடிகாரம்னா போடத்தான் செய்யும்."

"லெம்பி இருந்த வரைக்கும் எனக்குக் கேட்டதே இல்ல."

லெம்பி அவன் மனைவி. வசந்தத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்குப் போன ஹெல்வி அன்றைக்கே திரும்பிவிட்டாள்.

தலையணை யாருக்கு என்று இப்போதுதான் புரிந்தது. இங்கேயே தங்க வந்திருக்கிறான். ஒரு குளிர்காலம் முழுக்க! இந்த ஒற்றை அறையில் இன்னொருவர் இருமல், இன்னொருவர் பேச்சு, இன்னொருவர் துக்கம். அவள் சேர்த்துவைத்த சொத்து இந்த அமைதி ஒன்றுதான். தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் போய்விட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுமே நிஜம்.

"பனி உருகினதும் வாடா. ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

ஆர்மாஸ் எழுந்தான். கதவருகில் நின்று, கோபமே இல்லாமல் சொன்னான்: "வழி தப்பி வந்த எவனோ ஒருத்தனுக்கு அடுப்போரம் குடுப்ப. நான் வழி தெரிஞ்சு வந்துட்டேன் பாரு, அதான் தப்பாப்போச்சு."

சுருக்கென்று தைத்தது. கோப்பைகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் படகில் உட்கார்ந்திருந்தான். மோட்டாரைக் கிளப்பவில்லை. மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, மூடுபனியில் காணாமல் போயிருந்த எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாசமாப் போற வழக்கம்" என்று வைதுகொண்டே, மேல்கோட்டுகூடப் போடாமல் இறங்கிப் போனாள்.

தள்ளிவிட வருகிறாள் என்று நினைத்து அவன் கயிற்றை அவிழ்த்தான்.

"மோட்டாரைக் கழட்டு" என்றாள்.

அவன் விழித்தான்.

"காது அடைச்சுப்போச்சா? கழட்டுடா. குளிருது எனக்கு."

கழற்றினான். படகை இருவரும் இழுத்துக் கரையேற்றினார்கள். மெல்லிய பனித் தகடு நொறுங்கிச் சலசலத்தது. ஹெல்வி குனிந்து படகின் விளிம்பைப் பிடித்தாள், குளிர்காலம் முழுவதற்கும் வைப்பதுபோல அதன் அடிப்புறம் வானத்தைப் பார்க்கப் புரட்டிக் கவிழ்த்தாள்.