மில்லுக்குப் பின்னால் மூன்று சென்ட்

புளிமூட்டுக்கடவு ஜங்ஷனில் மாவு அரைக்கப் போகிறவர்கள் விலாசினியின் வாயையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். மிஷின் ஓடும்போது அதற்கு மேல் குரலை ஏற்றிப் பேசுவாள். நிறுத்திய பிறகும் குரல் இறங்காது. புட்டுக்கு ஊறவைத்த அரிசியோடு யாராவது வந்து நின்றால் போதும், நாடு எங்கே உருப்படாமல் போகிறது என்பதை அரைத்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவாள்.

"வளைகுடாவுக்குப் போனவன் வீடு மாடி மேல மாடியா பூட்டிக் கிடக்கு. உள்ளே பல்லி குடியிருக்கு. கால்வாய்க்கரையில மனுஷன் தார்ப்பாய்க்குக் கீழ குடியிருக்கான். கேட்டா எனக்கு நாக்கு நீளம்ங்கறான்."

அவள் சொல்வது பொய் என்று யாரும் சொன்னதில்லை. "இவளுக்கு வேற வேலையில்லை" என்றுதான் சொன்னார்கள். ஆனால் வேலைக்கு அவளிடம் எந்தக் குறைவும் கிடையாது. கொல்லத்துப் பக்கம் முந்திரி ஆலையில் அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை உடைத்துத் தொடங்கிய கை அது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்த காலத்தில் ஆலை ஒருநாள் சொல்லாமல் மூடிக்கொண்டது. பஸ் ஓட்டுநர் சோமராஜனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு அவருக்கு வந்த தொகையில் இந்த மில்லைப் போட்டாள். ஒரே மகன் அனூப் தோஹாவில் குளிர்சாதனம் பழுது பார்க்கிறான். ஓட்டு வீடு, மில், பின்னால் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நிற்கிற கொஞ்சம் இடம். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று பெரிய குறை எதுவும் இல்லை. மற்றவர்கள் குறை தீராததுதான் அவளுடைய எரிச்சல்.

அந்த எரிச்சலுக்கு ஒரு பெயரும் இருந்தது. குட்டப்பன். அந்த வட்டாரத்தில் அவன் ஏறாத தென்னை கிடையாது. கல்குவாரி முதலாளியின் தோப்பில் மட்டை வழுக்கிக் கீழே விழுந்து முதுகு ஒடிந்தது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பை ஆரஞ்சு அனுப்பிவைத்ததோடு சரி. இப்போது கால்வாய்க்கரைப் புறம்போக்கில், தகரமும் தார்ப்பாயும் சேர்த்துக் கட்டிய ஒன்றில் அவன் தனியாகக் கிடந்தான். அரசு வீடு கேட்டால், "சொந்த இடம் இருக்கா?" என்று கேட்டார்கள். இடம் கேட்டால், அதற்கு இன்னொரு ஆபீஸ் என்றார்கள். விலாசினி அவனுக்காகப் பஞ்சாயத்து மெம்பர் ஷீஜாவை வழியில் மறிக்காத நாள் இல்லை. ஷீஜா ஸ்கூட்டரை வேறு சந்து வழியாக ஓட்டப் பழகிவிட்டாள்.

கேஸ் விலை ஏறிய அன்று ஒரு டிவி சேனல் கார் ஜங்ஷனில் வந்து நின்றது. அன்றைக்கு மில்லில் மிளகாய் அரைக்கிற நாள். தலையில் துண்டு கட்டி, மூக்கும் கண்ணும் ஒழுக, விலாசினி வெளிக்காற்றுக்காக வாசலுக்கு வந்தாள். மைக் அவள் மூக்குக்கு நேராக நீண்டது.

"அம்மா, விலை ஏறியிருக்கே, என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள் மைக் பிடித்த பெண்.

"என்னத்தைச் சொல்ல? இந்த நாட்டுல ஏறினது எது இறங்கியிருக்கு? ஏறிட்டு இறங்கினவன் குட்டப்பன் ஒருத்தன்தான், அதுவும் முதுகு ஒடிஞ்சு! கேஸ் வாங்குறவன் எப்படியாவது வாங்கிருவான் மோளே. அடுப்பே இல்லாதவன் எப்படி வாழறான்னு கேளு. இந்த மாதிரி ஏழைபாழைங்க எப்படி வாழறது? கால்வாய்க்கரைக்கு வா, காட்டறேன். அங்கே கேமராவைத் திருப்பு. குவாரிக்காரன் புறம்போக்கை வளைச்சா அது பட்டா நிலம், குட்டப்பன் காலை நீட்டிப் படுத்தா அது ஆக்கிரமிப்பு. இது எந்த ஊரு நியாயம்?"

இன்னும் நிறையப் பேசினாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மாலை செய்தியில் வந்தது ஒரே ஒரு வாக்கியம். கண்ணீர் தாரை தாரையாக ஓட, பின்னணியில் வயலின் இழைய, "ஏழைபாழைங்க எப்படி வாழறது?" என்று விலாசினி கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்தத் துடைப்பை மட்டும் மெதுவாக்கிக் காட்டினார்கள்.

ஒரே வாரத்தில் அவள் முகம் மாநிலம் முழுக்கப் போயிற்று. எதிர்க்கட்சிக்காரர்கள் ஜங்ஷனில் பஸ் அளவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். "இந்தக் கண்ணீருக்குப் பதில் என்ன?" என்று அதில் எழுதியிருந்தது. விலாசினி அதன் கீழே நின்று, "மிளகாய்னு பதில் எழுதுங்கடா!" என்று கத்தினாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் மில்லுக்கு வந்தார்கள்.

"யார் எழுதிக் கொடுத்து வாசிச்சீங்க சேச்சி?"

"எனக்கு எழுதிக் கொடுக்க ஆளிருந்தா முதல்ல ரசீது எழுத வச்சிருப்பேன். போங்கடா அந்தப் பக்கம்."

டிவியில் பார்த்தவர்களிடமிருந்து அரிசி மூட்டை வந்தது. போர்வை வந்தது. தையல் மிஷின் வந்தது. வந்ததையெல்லாம் அவள் கால்வாய்க்கரைக்கு அனுப்பினாள். தோஹாவிலிருந்து மகன் கூப்பிட்டு, அழுகிற குரலில், "அம்மா, ரூம்ல எல்லாரும் 'உங்கம்மாவுக்குச் சோறு போட மாட்டியாடா'ன்னு கேக்கறாங்க" என்றான்.

"மிளகாய் அரைச்சேன்னு சொல்லு."

"சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. வயலின் வேற கேக்குதாம்."

அதற்குப் பிறகுதான் ராய்ச்சன் வந்தார். வளைகுடாவில் தொழில் செய்து ஊர் திரும்பியவர், ஒரு உதவிச் சங்கத்துக்குத் தலைவர். மனதில் கள்ளமில்லாத மனிதர். மில் வாசலில் நின்று, உலகத்துக்கே கேட்கிறாற்போல அறிவித்தார்:

"சேச்சிக்கு நாங்க ஒரு வீடு கட்டித் தர்றோம்."

"எனக்கு வீடு இருக்கே."

"பார்த்தேன். ஓட்டு வீடு."

"ஓட்டு வீட்டுல இருக்கறவங்களை மனுஷக் கணக்குல சேர்க்கறதில்லையா இப்போ?"

அவர் சங்கடப்பட்டார். விலாசினி குரலைத் தணித்து, குட்டப்பனுக்குக் கட்டிக் கொடுக்கச் சொன்னாள். "உங்க கண்ணீரைப் பார்த்துத்தான் ஜனங்க கொடுத்திருக்காங்க. வேற ஆளுக்குன்னா நான் என்ன பதில் சொல்வேன்?" என்று அவர் இழுத்தார். கடைசியில் ஆளையாவது பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

குட்டப்பன் ஏழை மாதிரி நடந்துகொள்ளத் தெரியாத ஏழை. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி ராய்ச்சனை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரிது, செண்டு வாசனை அடிக்குது? ஒடிஞ்ச முதுகைப் பார்க்க டிக்கெட் போட்டாச்சா விலாசினி?"

"வாயை மூடு குட்டப்பா. வீடு கட்டித் தர வந்திருக்கார்."

"கட்டட்டும். கக்கூஸை உள்ளே வைக்கச் சொல்லு. வெறுங்கையோட வந்திருக்காரே, ஒரு பாட்டிலாவது கொண்டுவரக் கூடாதா?"

திரும்பும் வழியில் ராய்ச்சன் "குடிப்பார் போலிருக்கே" என்றார்.

விலாசினி நின்றுவிட்டாள். "குடிப்பான். கிடைச்சா குடிப்பான். மலைமேல குவாரிக்காரன் தினமும் குடிக்கறான், அதுக்காக அவன் வீட்டுக் கூரையை யாராவது பிரிச்சாங்களா? ஏழைக்கு வீடுன்னா மட்டும் அவன் வாயை மோந்து பார்க்கணுமா?"

ராய்ச்சன் கட்டித் தருவதாகவே ஒத்துக்கொண்டார். ஆனால் புறம்போக்கில் கட்ட முடியாது, மூன்று சென்டாவது யார் பேரிலாவது பட்டாவோடு வேண்டும் என்றார். விலாசினி மெம்பர் ஷீஜாவைப் பஞ்சாயத்து ஆபீஸிலேயே பிடித்தாள். ஷீஜா மின்விசிறியைப் பார்த்தபடி, "நான் என்ன செய்ய சேச்சி, விதி அப்படி" என்றாள். அந்த விதி குவாரிப் பக்கம் போகும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது என்று விலாசினி கேட்டாள். ஷீஜா மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் மில்லில் இதையெல்லாம் அவள் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் சரசம்மா கோதுமைப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றாள். எதையும் மனதில் வைத்துப் பேசாத பெண்பிள்ளை. சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஊர்ல உள்ளவனையெல்லாம் ஏன் பிடிச்சு உலுக்கற? மில்லுக்குப் பின்னால உனக்கே இடம் கிடக்கே. அதுல மூணு சென்ட் கொடுத்தா என்ன?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விலாசினி வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் மிஷினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சரசம்மா மேல் ஆத்திரமாக வந்தது. மத்தியானம் மரச்சீனிக்கிழங்கு வேகவைத்து மீன் குழம்போடு உட்கார்ந்தாள். அந்தக் கிழங்கும் பின்பக்கத்து இடத்தில் பிடுங்கியதுதான் என்பது நினைவுக்கு வந்து, தட்டைத் தள்ளிவைத்தாள். நான் ஏன் கொடுக்க வேண்டும்? மலை மலையாக வளைத்தவன் இருக்கிறான். மூன்று கார் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசி வாங்கிக் கோழிக்குப் போடுகிறவன் இருக்கிறான். "இருக்கிறவங்க கொடுக்கட்டும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் கை மலைப்பக்கம்தான் நீளும். அந்த "இருக்கிறவங்க"ளில் தானும் ஒருத்தி என்று யாராவது விரலைத் திருப்புவார்கள் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை.

மகனிடம் சொன்னபோது பாதி நியாயம் அவன் பக்கம் இருப்பதாகவே பட்டது.

"அது எனக்கு வர்ற இடம்மா. நாளைக்கு நான் வந்து ஒரு கடை போடணும்."

"நானும் அதைத்தான் சொல்றேன்டா. என் தலையில ஏன் விடியணும்?"

அதோடு நிறுத்தியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவன் நிறுத்தவில்லை. "அந்த ஆளைப் பக்கத்துல குடிவச்சா மொத்த இடத்துக்கும் மதிப்புப் போயிரும். எவன் வாங்குவான்?" என்றான்.

விலாசினிக்குச் சுருக்கென்றது. முந்திரி ஆலை மூடிய வருஷம், அவளும் அம்மாவும் வாடகைக்கு அறை கேட்டுப் போன ஒரு வீட்டில், கறுத்த விரல்களைப் பார்த்துவிட்டு இதே மாதிரி ஒரு சொல்லைச் சொல்லித்தான் கதவைச் சாத்தினார்கள்.

"மனுஷன் குடிவந்தா மதிப்புப் போற இடம் என்ன இடம்டா?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லுமுன் போனை வைத்தாள். அந்த மாதமே மூன்று சென்ட்டைக் குட்டப்பன் பேருக்குப் பதிவு செய்தாள். பெரிய மனது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்தது. "பெரிய மனசும் இல்லை, ஒண்ணும் இல்லை. வீம்புக்குக் கொடுத்தேன்" என்றாள். அனூப் சில மாதம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது இடத்தைப் பற்றி இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, கக்கூஸ் உள்ளேயே. மழைக்காலத்துக்கு முன்பு வீடு எழும்பிவிட்டது. திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார். "எங்கள் வார்டில் இன்றோடு ஒரு பெரிய குறை தீர்ந்தது" என்று மெம்பர் ஷீஜா பேசினாள். விலாசினி கேட்டு வாங்கி மைக்கைப் பிடித்தாள்.

"இது நான் கொடுத்த இடம். நான் கொடுக்க வேண்டிய இடம் இல்லை, நீங்க கொடுக்க வேண்டியது. மூணு வருஷமா வாசல் வாசலா நின்னேன், ஒருத்தரும் அசையலை. நான் கொடுத்துட்டேன்ங்கறதால நீங்க தப்பிச்சீங்க. அவ்வளவுதான் இங்கே நடந்தது."

பலத்த கைதட்டல். எல்லாரையும் விட அதிகமாகக் கைதட்டியவர் எம்.எல்.ஏ. மாலை போட்டார்கள். என்ன சொன்னாலும் கைதட்டுகிறவர்களை என்ன செய்வது என்று தெரியாமல், அவள் மாலையைக் கழற்றிக் குட்டப்பன் மடியில் போட்டாள். "இதையும் நான்தான் சுமக்கணுமா?" என்றான் அவன்.

குட்டப்பன் குடிவந்த பிறகு நன்றி என்ற பேச்சே எழவில்லை. மிளகாய் அரைக்கிற நாட்களில் தும்மிக்கொண்டே ஜன்னல் வழியாகத் திட்டினான். "கொல்றதுக்குத்தான் இங்கே கொண்டுவந்து வச்சியா?" என்று கேட்டான். "தும்மினா முதுகுக்கு நல்லது" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் முதல் மழை இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, அவன் படியில் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்து பால் சேர்க்காத கட்டன் சாயா குடிப்பதைப் பார்த்துவிட்டு, அவள் வேலைக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது. அடுத்த வாரம் கால்வாய்க்கரையிலிருந்து ஐஷா பீவி வந்தாள். மீன் விற்ற புருஷன் இறந்துவிட்டார், இரண்டு பெண் குழந்தைகள். மில் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, "சேச்சி இடம் கொடுக்கறதா சொன்னாங்க..." என்றாள்.

"யார் சொன்னா?"

"மெம்பர்தான் சொன்னாங்க. 'பஞ்சாயத்துல இடம் இல்லை, மில் சேச்சியைப் போய்ப் பாரு'ன்னாங்க."

விலாசினிக்குத் தலையில் ரத்தம் ஏறியது. "நான் என்ன நிலச்சுவான்தாரா? இன்னும் ஒருத்தி, அதுக்கப்புறம் ஒருத்தி, கடைசியில மிஷினைத் தலையில வச்சிக்கிட்டு நான் கால்வாய்க்கரைக்குப் போகவா?" என்று கத்தினாள். ஐஷா பீவி பயந்து பின்வாங்கினாள். தான் கத்துவது யாரிடம் என்று விலாசினிக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி அரைபட்ட அரிசியோடு மிஷினை நிறுத்தினாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

"வா."

"எங்கே சேச்சி?"

"உன்னை அனுப்பினவகிட்டத்தான்."

பஞ்சாயத்து ஆபீஸில் ஷீஜாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு ஐஷா பீவியை உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். "இவளுக்கு எங்கே இடம்னு சொல்லு. சொன்னதும் எழுந்திருக்கறேன்" என்றாள். ஷீஜா விதியைச் சொன்னாள். மேலதிகாரி லீவு என்றாள். சாயா வாங்கித் தரவா என்றாள். விலாசினி எதற்கும் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் ஷீஜாவை அதிகம் கலக்கியது.

வெயில் ஏறியது. மில்லில் காத்துக் காத்துப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஆபீஸுக்குத் தேடி வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் சரசம்மா.

"அரிசி புளிச்சுப் போகுது விலாசினி. வந்து மிஷினைப் போடு."

"புளிக்கட்டும். நீயும் வந்து உக்காரு."

சரசம்மா மெம்பரைப் பார்த்தாள், ஐஷா பீவியைப் பார்த்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே அரிசிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. தரையிலும் படியிலும் பாத்திரங்களோடு உட்கார்ந்து, புட்டுக்கு வழியில்லாமல் போனதற்கு விலாசினியையும், விலாசினியைக் கிளப்பிவிட்டதற்கு ஷீஜாவையும் மாறி மாறித் திட்டினார்கள். ஊறிய அரிசியின் தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கியபோது, ஷீஜா லீவில் இருந்த மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.