லூபெக் என்கிற சக்களத்தி

கமலநாயகிக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று பீலெஃபெல்ட்டில் அவளை அறிந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கிற பகுதியில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவள். ஒரு காலுறை காணாமல் போனாலும் கிழவர்கள் அவள்மேல்தான் பாய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே தேடிக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரி புதுக் கார் வாங்கியபோது கும்பிட்டுச் சூடம் கொளுத்தி விட்டவளும் அவள்தான். ஆனால் அந்த மனிசிக்கும் ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் பெயர் லூபெக்.

அவளுடைய கணவர் பரராசசிங்கத்தார் எண்பத்தைந்தில் அகதியாக ஜேர்மனிக்கு வந்து, லூபெக் பட்டினத்தில் எட்டு வருசம் தனி ஆளாக இருந்தவர். அதற்குப் பிறகுதான் கல்யாணம், பீலெஃபெல்ட், கதவு செய்கிற தொழிற்சாலை, மகன் பிரவீணன் எல்லாம். ஆனால் மனிதரின் வாயில் எந்தக் கதையும் "லூபெக்கிலை" என்றுதான் தொடங்கும். மீன் வாங்கி வந்தால் லூபெக்கில் மீன் வேறு மாதிரி. மழை பெய்தால் லூபெக் மழைக்கு ஒரு வாசம். அவள் முழு நாளும் நின்று அவித்த பிட்டைத் தின்றுகொண்டே, லூபெக்கில் நாலு பெடியள் சேர்ந்து அவித்த கட்டிப் பிட்டைப் புகழுவார். ஒரு தரம் போய்ப் பார்ப்போம் என்று முப்பது வருசமாகக் கேட்டுப் பார்த்தார். அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வருத்தம் வந்தது. போன முறை முழங்கால் நோ.

அவளுக்கு ஏன் அந்த எரிவு என்பதற்குக் கணக்கு உண்டு. எண்பத்தைந்தில், அவர் புறப்படுமுன்னரே இரண்டு வீடும் பேசி முடித்த சம்பந்தம் அது. அவளுக்கு அப்போது இருபத்து நாலு. அவருடைய தங்கச்சிமார் இரண்டு பேரும் வீட்டில் இருக்க அண்ணன் தாலி கட்டுவது யாழ்ப்பாணத்தில் எடுபடாது. ஆகவே காத்திருந்தாள். எண்பத்தொன்பதில் கடைசித் தங்கச்சியும் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். அதன் பிறகு வந்த கடிதங்களில், "விசா இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தவுடன் கூப்பிடுவேன்" என்று இருந்தது. அவள் மறுபடியும் காத்திருந்தாள். குண்டு விழும்போது பங்கருக்குள்ளும், சனம் அடைந்து கிடந்த பள்ளிக்கூடத்திலும் இருந்து காத்திருந்தாள். தொண்ணூற்று மூன்றில் கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, கொழும்பு போய், சிங்கப்பூரில் தாலி ஏறியபோது முப்பத்திரண்டு. ஊர் வாய் அதுவரை சொல்லாத சொல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஒரு நினைப்பை வைத்துத்தான் தாங்கினாள்: சட்டம் விடவில்லை, மனிதர் என்ன செய்வார்?

இந்த ஆடியில் அவளுடைய வருத்தம் ஒன்றும் செல்லவில்லை. மகனும் மருமகள் நிருஷாவும் சத்தம் போடாமல் லூபெக்கில் ஒரு கிழமைக்கு வீடு எடுத்துவிட்டார்கள். பத்து வயசுப் பேத்தி தேனுஜா வந்து, "அப்பம்மா வராட்டி நானும் போகமாட்டன்" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் முழங்காலாவது மண்ணாவது.

போய் இறங்கியதும் அறுபத்தேழு வயது மனிதருக்கு முப்பது வயது ஆகிவிட்டது. சாய்ந்துபோன இரட்டைக் கோபுர வாசலைப் பேத்திக்குக் காட்டினார். பெரிய தேவாலயத்துக்குள், போரில் விழுந்து உடைந்த மணிகள் விழுந்தபடியே கிடக்கிற மூலைக்குக் கூட்டிப் போனார். அந்தப் பட்டினத்தில் வீடுகளின் நடுவே புகுந்து போகிற குச்சு ஒழுங்கைகள் இருக்கின்றன. வாசல்கள் அவ்வளவு பதிவு, குனியாமல் போனால் நெற்றி போய்விடும். அப்படி ஒன்றுக்குள்தான் அவருடைய பழைய வீடு. பேத்தியோடு கதைத்துக்கொண்டே நடந்த மனிதர், வாசல் வந்ததும் நிமிர்ந்து பாராமலே சரியான அளவுக்குக் குனிந்தார். பின்னால் போன கமலநாயகிக்கு அதைக் கண்டதும் பத்திக்கொண்டு வந்தது. பீலெஃபெல்ட் வீட்டில் சமையலறை லைட்டின் சுவிச் எங்கே இருக்கிறதென்று இன்றைக்கும் தடவித் தேடுகிற மனிதர் இவர்.

இரண்டாம் நாள் மத்தியானம் குருமூர்த்தி வீட்டில் சாப்பாடு. பழைய நாலு பெடியளில் லூபெக்கை விட்டுப் போகாதவர் அவர் ஒருவர்தான். அங்கேயே பஸ் ஓட்டுகிறார். ஆட்டிறைச்சிக் கறி மணம் படிக்கட்டிலேயே வந்து கூப்பிட்டது.

"அக்கா, இது சும்மா கறி இல்லை," என்றார் குருமூர்த்தி, கோப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டே. "எங்கடை வீட்டிலை ஒரு சட்டம் இருந்தது. ஆருக்கு விசா வருதோ, அவர் ஆடு வாங்கி மற்றவைக்குச் சமைச்சுப் போட வேணும். முதல் ஆடு பரா அண்ணையின்ரை."

"பழங்கதையை விடு குரு," என்றார் பரராசசிங்கத்தார்.

"ஏன் விட? ஜேர்மனி உலகக் கிண்ணம் வெண்ட கிழமை, அக்கா. வெளியிலை சனம் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு திரியுது, உள்ளுக்கை நாங்கள் ஆடு வெட்டுறம். தன்ரை விசாவைத்தான் சனம் கொண்டாடுது எண்டு அண்ணை ஜன்னலாலை கை காட்டினவர்!"

பிரவீணன் விழுந்து விழுந்து சிரித்தான். உதைபந்தாட்டம் என்றால் அவனுக்கு வருசங்கள் நுனி நாக்கில் நிற்கும். "தொண்ணூறாம் ஆண்டு, ஆடி மாசம்," என்றான் பெருமையாக.

கமலநாயகி கறியைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. தொண்ணூறு ஆடி. அந்த மாசம்தான் ஊரில் குண்டு விழுந்து அவர்கள் வீட்டுக் கூரை போனது. விசா வரவில்லை என்ற கடிதங்கள் அதற்குப் பிறகும் மூன்று வருசம் வந்தன. தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள். மனிதர் எலும்பில் இல்லாத இறைச்சியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலே போதும், கேட்கத் தேவையில்லை. ஆனாலும் அவள் கேட்காமல் விடுகிறவள் இல்லை. கறி நல்ல உறைப்பு என்று சொல்லி, முழுவதையும் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பிள்ளைகள் மாசிப்பான் என்கிற பாதாம் இனிப்பு விற்கிற கடைக்குள் புகுந்த நேரம், ஆற்றங்கரை மர வாங்கில் இரண்டு பேரும் தனித்தார்கள்.

"விசா தொண்ணூறிலையே வந்திட்டுது, என்ன?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "ஓம்."

"ஏன் கூப்பிடேல்லை?"

"அப்ப சண்டையாலை யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டு. உமக்குத் தெரியும்தானே."

"பாதை பூட்டெண்டு எழுதியிருக்கலாம். விசா வரேல்லை எண்டெல்லே எழுதினனீங்கள்."

எப்போதோ பிடிபட வேண்டியவர் ஒருவழியாகப் பிடிபட்ட மாதிரி, மனிதர் தோளைத் தளர்த்திக்கொண்டு சொன்னார். "பதினேழு வயசிலை அப்பா செத்தவர். அண்டையிலை இருந்து நான் தங்கச்சிமாருக்காகத்தான் ஓடினன். ரெண்டு பேரும் போன பிறகுதான், விடிய எழும்பினா இண்டைக்கு என்ன செய்வம் எண்டு எனக்கெண்டு யோசிச்சன். சைக்கிளிலை கடலுக்குப் போவன். சும்மா இருப்பன். கல்யாணம் கட்டினா அது முடிஞ்சிடும் எண்டு தெரியும். ஒரு வருசம் எண்டுதான் நினைச்சன். பிறகு இன்னொண்டு. ஒரு பொம்பிளையும் இல்லை, கமலா. சத்தியமா."

பொம்பிளை என்றால் பரவாயில்லையே என்று அவளுக்கு இருந்தது. பொம்பிளை என்றால் கிழடாகியிருப்பாள், திட்டவாவது ஒரு முகம் இருந்திருக்கும்.

"உங்கடை வருசத்தை இல்லை, என்ரை வருசத்தை எடுத்தியள்," என்றாள். "நான் அங்கை குண்டுக்குள்ளை கிழவி ஆகிக்கொண்டிருந்தன். நீங்கள் இஞ்சை சைக்கிள் ஓடினியள்."

அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு தரம் அல்ல, மிச்சக் கிழமை முழுவதும் கேட்டார். அவள் பேத்தியோடு மட்டும் கதைத்தாள். சனிக்கிழமை சாமான்கள் காருக்குள் ஏறியபோது அவளுடைய பெட்டி மட்டும் ஏறவில்லை.

"நான் நிண்டு வாறன்," என்றாள்.

"அம்மா, விசரே? தனியவோ?" என்றான் பிரவீணன்.

"கொப்பரும் தனியத்தான் நிண்டவர்."

நிருஷாவுக்கு ஏதோ விளங்கிவிட்டது. "மாமி நிக்கட்டும்," என்று கணவனைக் காருக்குள் தள்ளினாள். பரராசசிங்கத்தார் கதவைப் பிடித்தபடி, "எத்தினை நாளைக்கு?" என்று கேட்டார். அவள் பேத்திக்குக் கை காட்டினாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில், எத்தனை பேர் என்று கேட்டபோது, ஒருவர் என்று சொன்னாள். அறுபத்து மூன்று வருசத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. முதல் நாள் அறைக்குள்ளேயே இருந்து அழுதாள். இரண்டாம் நாள் ஒழுங்கை வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு, தமிழிலேயே திட்டினாள். மூன்றாம் நாள் எட்டரை மணிக்குத்தான் எழும்பினாள். யாருக்கும் தேத்தண்ணி போடத் தேவையில்லை என்பது நினைவுக்கு வர, மறுபடியும் படுத்தாள்.

நாலாம் நாள் கடற்கரைக்கு ரயில் எடுத்துப் போனாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். கையில் ஐஸ்கிரீம். அவசரம் இல்லை, அடுப்பு இல்லை, அவளைக் கூப்பிட ஒருவரும் இல்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"கமலா, எப்ப வாறீர்? இஞ்சை வீடு வீடா இல்லை."

நாளைக்கு வாறன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இன்னும் ரெண்டு நாள் பிந்தும்," என்று வந்தது. நெஞ்சறியச் சொன்ன பொய். ஒரு காரணமும் இல்லை, நிற்க ஆசை, அவ்வளவுதான். போனை வைத்த பிறகு அப்படியே நின்றாள். மனிதர் அன்றைக்கு ஏன் அப்படி எழுதினார் என்பது அவளுக்கு இப்போது பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தால் ஆத்திரம் அடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடங்கவில்லை, பொறாமை இன்னும் பத்து மடங்கு கூடி வயிற்றுக்குள் எரிந்தது. நாலு நாளுக்கே இவ்வளவு சுகம் என்றால், அந்த மனிதர் மூன்று வருசம் அனுபவித்திருக்கிறார்.