மேசைக்கு எட்டு அடி

"டேப்பை விட்டுடாதீங்க. இழுத்துப் பிடிங்க" என்றாள்.

கணவன் மொட்டை மாடியின் மறுகோடியில் குந்தியிருந்து டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். அவள் முட்டி போடவில்லை. இடுப்பை வளைத்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, தையல் சாக்பீஸால் கோடு இழுத்தபடியே பின்னோக்கி நடந்தாள். முப்பது அடி. கோடு எங்கும் நெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். புது வீட்டின் பிளானை நிஜ அளவிலேயே தரையில் வரைந்து, வீட்டு மனிதர்களை அதற்குள் நடக்கவிட்டுக் குறை கேட்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பிசிறு நூல் நறுக்குகிறவளாகச் சேர்ந்து, துணி வெட்டும் மேசைக்கு வந்து, இப்போது அந்த மேசைக்கே தலைவி. அளவு விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு அரை இஞ்ச் அக்கா என்று பெயர். அந்தத் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. புது மாதிரிச் சட்டை ஒன்று தைத்தவுடன் அதை நூற்றுக்கணக்கில் வெட்டிவிடமாட்டார்கள். ஒரு வாரம் கம்பியில் தொங்கவிடுவார்கள். போகிற வருகிறவர்கள் குறை கண்ட இடத்தில் சீட்டு எழுதிக் குத்திவிட்டுப் போவார்கள். வாயால் சொன்ன குறை கணக்கில் வராது.

பிளானையும் அவள் அப்படித்தான் பழுப்புத் தாளில் வரைந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். கீழே துண்டுச் சீட்டுகள், ஒரு டப்பாவில் குண்டூசி. "சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுக் குளியலறையைப் பார்க்கிறது" என்று மாமியார் எழுதிக் குத்தினாள். மருமகள் ஜன்னலை மாற்றினாள். கணவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். "நல்லாருக்கு" என்று ஒரு சீட்டுக் குத்தினான். "இது குறை இல்லையே" என்று அதை எடுத்துவிட்டாள். கணவனின் அண்ணன் மூன்று சீட்டுகள் குத்தினார். மூன்றும் ஹாலில். மூன்றிலும் "பத்தாது". அவர் ஏற்கெனவே ஒரு வீடு கட்டியவர். அதிலிருந்து குடும்பத்தில் யாராவது சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்டாக வேண்டும்.

பிளானில் வலது ஓரத்து அறை அவளுடையது. அகலம் எட்டு அடி. அதில் பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு வெட்டு மேசை. இரண்டு பள்ளிகள் சீருடைக்கு அவளிடம் வாய்ச்சொல் தந்திருந்தன. இத்தனை நாள் வீட்டு வேலைகளைத் தரையில் முட்டி போட்டுத்தான் வெட்டினாள். இனிமேல் தரையில் வேலை செய்தால் முட்டிக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேசை நின்றால் மாதக் கடைசியில் தொழிற்சாலையிலிருந்து நின்றுவிடலாம். இல்லையென்றால் கால் உள்ளவரை அடுத்தவன் மேசைதான்.

எட்டரைக்குள் மொட்டை மாடியில் வீடு கோடுகளாக விழுந்துவிட்டது. முன்பக்கம் பத்தடிப் படுக்கையறை, பன்னிரண்டடி ஹால், எட்டடி அறை. பின்னால் சமையலறையும் மற்றதும். மாமியார் வாசல் இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தாள். கோட்டைத் தாண்டவில்லை. அண்ணன் தாண்டினார்.

"மாமா, சுவர் வழியா வர்றீங்க."

"சரிம்மா, மன்னிச்சுக்க. தலை இடிச்சுக்கிச்சு" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். கணவன் சிரித்தான்.

அப்போதுதான் மேஸ்திரி மாடிப்படி ஏறி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு சுற்று நடந்தார். நின்றார்.

"எல்லாம் சரி. சுவர் எங்கம்மா?"

"இதோ" என்று கோட்டைக் காட்டினாள்.

"இது கோடு. சுவரைக் கேட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. துணியில் கோட்டுக்கு அகலம் கிடையாது. கத்தி கோட்டின் மேலேயே போகும். இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. நடுவில் எதுவும் காணாமல் போவதில்லை. பத்து, பன்னிரண்டு, எட்டு, மொத்தம் முப்பது என்று அவள் போட்டிருந்த கணக்கில் செங்கலே இல்லை.

"ஒம்பது இஞ்ச் சுவர் நாலு வருது" என்றார் மேஸ்திரி. "மூணு அடி போச்சு. நீளவாக்குல இடம் இருக்கு, இழுத்துக்கலாம். குறுக்கேதான் இடிக்குது. மனையும் அவ்வளவுதான், இதுக்கு மேல தள்ள முடியாது. யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. உங்களுக்கு மூணு அடி சறுக்கிருச்சு."

"இதுக்கு என்ன யோசனை?" என்றார் அண்ணன். "இந்தக் கடைசி ரூம்ல கழிச்சுட்டாப் போச்சு. எட்டு அஞ்சாகும். ஒரு மேசை போட அஞ்சடி போதாதா? மேசையே நாலடிதானே?"

அண்ணன் பேசும்போது கணவனுக்குப் பேசிப் பழக்கமில்லை.

அவள் கீழே போய் ஒரு கட்டுத் துணியோடு வந்தாள். எட்டடி அறையை அழித்து ஐந்தடியாக்கினாள். நடுவில் மேசையை வரைந்தாள். பக்கத்துக்கு ஆறு இஞ்ச் மிஞ்சியது.

"மாமா, அந்தப் பக்கம் நில்லுங்க. துணியை விரிக்கணும். நீங்க ஒரு முனை, நான் ஒரு முனை."

அண்ணன் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கால் எங்க இருக்கு, பாருங்க."

குனிந்து பார்த்தார். குதிகால் இரண்டும் கோட்டுக்கு வெளியே இருந்தன.

"பாதிச் செங்கலுக்குள்ள நிக்கிறீங்க. இப்படி நின்னுதான் நான் தினம் எட்டு மணி நேரம் வெட்டணும்."

"மேசையைச் சுவரோட சேர்த்துப் போடேன்."

"போட்டா இந்தப் பக்கம் ஒரு அடி. அந்தப் பக்கத்துச் சுருக்கத்தை எடுக்க மேசை மேல ஏறிப் படுக்கணும். வயசான காலத்துல எனக்கு அது அழகா?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு சுவரும் ஒம்பதுதானா, மேஸ்திரி?" என்று அவள் திரும்பிக் கேட்டாள். "தூண் போட்டுக் கட்டுற வீடுதானே?"

"ஆமா, பாரத்தைத் தூண் தாங்கிக்கும். உள்சுவர் ரெண்டும் நாலரை போதும். ஒம்பது இஞ்ச் மிச்சம்."

"அப்ப ரெண்டே கால் அடி வேணும். அது ஹால்ல போகட்டும்."

"ஹால்லயா?" அண்ணனின் குரல் ஏறியது. "ஏம்மா, வீட்டுக்கு வர்றவங்க முதல்ல பார்க்கிறதே ஹாலைத்தான். மூஞ்சியைச் சின்னதாக்கிட்டு முதுகைப் பெருசாக்குவாங்களா?"

"வர்றவங்க பார்த்துட்டுப் போயிருவாங்க, மாமா. நான் எங்கயும் போக முடியாது."

மாமியார் ஹாலின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எனக்கு டி.வி.யே தெரிய மாட்டேங்குது. சுவர் கிட்ட வந்தா நல்லதுதான்" என்றாள்.

"அம்மா, நீ சும்மா இரு."

"நீ வீடு கட்டறப்ப நான் சும்மாதான் இருந்தேன். உன் ஹால்ல ஆள் கூப்பிட்டா எதிரொலிதான் வருது."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற? வீடு உன்னுது."

கணவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தினான்.

"அவ முட்டிய நீ பார்த்ததில்லண்ணே" என்றான். டேப்பை மறுபடி இழுத்து, குந்தி, ஹால் கோட்டின் மேல் வைத்தான்.

அவள் ஒன்பதே முக்கால் அடியில் புள்ளி வைத்தாள். கோடு போடப் போனவள் நிமிர்ந்தாள்.

"மேஸ்திரி, பூச்சு எவ்வளவு வரும்?"

"பக்கத்துக்கு அரை இஞ்ச்" என்றார் அவர். பிறகு சிரித்தார். "கேட்டுட்டீங்களே! நானே சொல்லலாம்னு இருந்தேன்."

"இருந்துட்டே இருந்திருப்பீங்க." விரலை மடக்கி எண்ணினாள். உள்பக்கம் மட்டும் பூசுவதற்குச் சுவர்களில் ஆறு முகம். மூன்று இஞ்ச். புள்ளியை அழித்து ஒன்பதரையில் வைத்தாள். இந்த முறை ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கோடு போட்டாள். நடுவில் குறுக்குக் கோடுகள் கிழித்து நிரப்பினாள். எட்டடி அறையில் மேசையை மறுபடி வரைந்து, துணியை விரித்து, அதைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். யாரும் வழிவிடவேண்டியிருக்கவில்லை.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். "கட்டின பிறகு எங்கிட்ட வந்து சொல்லாதே."

"சீட்டு எழுதிக் குத்திட்டுப் போங்க, மாமா. குண்டூசி கீழ இருக்கு."

அவர் படியிறங்கினார். சீட்டு எதுவும் குத்தவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போனாள். மதிய இடைவேளையில் இரண்டு தெரு தள்ளியிருந்த பிளான் வரைபவரின் அலுவலகத்துக்கு நடந்தாள். அவர் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். ஹால் ஒன்பதரை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அவள் மறுபடி ஒன்பதரை என்றாள். வலது ஓரத்து அறைக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டார். வேலை அறை என்று போடச் சொன்னாள். வியாழக்கிழமை வரைபடம் கிடைக்கும் என்றார். ஒன்றரைக்குத் திரும்பி, மேலாளரிடம் மாதக் கடைசியில் நிற்பதாகக் கடிதம் கொடுத்தாள். அவர் யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்தாயிற்று என்றாள். மாலை வரை நூற்றறுபது சட்டைகளுக்குக் கை வெட்டினாள். வீடு திரும்பியபோது மாமியார் மொட்டை மாடியைக் கழுவித் துணி காயப்போட்டிருந்தாள்.