மஞ்சள் அம்புக்குறி

ஊர் ஓரத்துக் குடியிருப்பு அது. பத்து வீட்டுக்கு ஒரு பூங்கா, பூங்காவுக்குப் பின்னால் காடு, காட்டுக்குள் நடைபாதைகள். பகலில் யாராவது கதவைச் சாத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் பதினாறு வருடமாகப் புல் வெட்டி, கிளை கழித்து, பாதை பார்த்து வந்தவருக்கு மனசு எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும்? எங்கே! புல்வெட்டிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்கு நாள் முழுக்க வயிற்றெரிச்சல்தான்.

காரணம், மனைவியின் தம்பி. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை மேலாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதே இவர்தான். வந்த மறுவருடமே அவனுக்கு ஏரிப் பாதை கிடைத்தது. இவருக்குப் பழையபடி புதர்ப் பாதை. ஏரிப் பக்கம் நடக்க வருகிறவர்கள் அவனை நிறுத்திப் பேசுவார்கள், பலகாரம் கொடுப்பார்கள், அவர்களுடைய நாய்கள்கூட அவனைக் கண்டால் வாலாட்டும். புதர்ப் பாதைக்கு வருவது ஓடிப்போன நாயைத் தேடுகிறவர்கள் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தால் மனைவி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவாள்.

"தம்பி கை பட்டா பட்ட மரமும் துளிர்க்குதுன்னு பல் டாக்டரம்மா சொன்னாங்க."

"என் கை பட்டா மட்டும் வாடியா போகுது?"

"இப்ப உங்களை யாரு என்ன சொன்னா?" என்று அவள் எழுந்து போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் மேலாளர் ஒரு நாள் அறிவித்தார். "அடுத்த வாரம் ரெண்டு பாதையிலயும் எத்தனை பேர் நடக்குறாங்கன்னு எண்ணப் போறோம். ஆள் வராத பாதையை மூடிடலாம்." மூடினால் இவர் இலை அள்ளும் லாரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கல்லாகத் தன் கையால் பதித்த பாதையை முள் மூடிவிடும்.

இரண்டு பாதையும் பிரிகிற இடத்தில் ஒரு கம்பம் உண்டு. ஏரிக்கு மஞ்சள் அம்பு, புதருக்குப் பச்சை அம்பு. அவரவர் நிறத்தை அவரவர்தான் தீட்டுவார்கள்; அடுத்தவர் பெயிண்ட் டப்பாவைத் தொடுவதில்லை என்பது கருவி அறையில் எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலை இவர் மைத்துனனின் டப்பாவைத் திறந்தார். பழைய மஞ்சள் அம்பைச் சுரண்டிவிட்டு, புதர்ப் பக்கம் பார்த்து ஒன்று வரைந்தார்.

திங்கட்கிழமை நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். இவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். வந்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஏரி எப்ப வரும்?"

புதன்கிழமை, முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மெல்ல நடக்கத் தொடங்கியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர், சமதரையான ஏரிப் பாதை என்று நம்பி வந்து, மேட்டில் ஏறி, உட்கார்ந்துவிட்டார்; எழுந்திருக்கவே முடியவில்லை. வண்டி வைத்துத்தான் கீழே கொண்டுவந்தார்கள்.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "மஞ்சள் யாரோடது?"

மைத்துனன் திகைத்துப் போய் மாமாவைப் பார்த்தான். மாமாவின் நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பார்வை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"என்னோடதுதான் சார். புதுசா அடிக்கும்போது திசை மாறிப் போச்சு."

"கவனம் எங்க இருந்துச்சு உனக்கு? நாளையிலேர்ந்து நீ இலை லாரிக்குப் போ. ஏரிப் பாதையை உன் மாமா பார்த்துக்கட்டும். அங்க வந்ததெல்லாம் அம்பை நம்பி வழி தப்பினவங்கதான்; புதர்ப் பாதையை மூடுங்க."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். புல்வெட்டிக்காரர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றார். வினை விதைத்தவர் ஒருவர், அறுத்தவன் இன்னொருவன்.

வெளியே வந்ததும் மைத்துனன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கேட்டிருந்தா நானே திருப்பி வரைஞ்சு குடுத்திருப்பேனே, மாமா."

அந்தக் குரலில் கோபம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். துளிகூட இல்லை. இத்தனை வருடம் ஆசைப்பட்ட ஏரிப் பாதை கைக்கு வந்துவிட்டது. ஆனால் நல்லவனாக இருப்பதிலும் அந்தப் பயல் இவரை முந்திவிட்டான். முன்பு வயிறு மட்டும்தான் எரிந்தது. இப்போது உடம்பு முழுக்க எரிந்தது.