ரேடாருக்குப் பக்கத்து வீடு

தெல்லிப்பழைக்கு வடக்கே ஒரு கிராமத்தில், இராணுவ முகாமின் ரேடாரைப் பற்றி மக்களுக்கு விளக்கும் கூட்டம் நடந்தது. சுகாதாரப் பகுதியிலிருந்து நான் போயிருந்தேன். முகாம் வேலியை ஒட்டிக் குடியிருந்த ஓர் அம்மாவும் வந்திருந்தார். மெலிந்து உயர்ந்த பெண். கதிரை கொடுத்தும் உட்காரவில்லை. எந்தக் கூட்டத்திலும் அவர் நின்றுகொண்டுதான் கதைப்பாராம்.

"எனக்கு ஓயாத தலையிடி. மகளுக்கு நித்திரையில்லை. உந்த ரேடாரின்ரை கதிர்வீச்சாலையோ?" என்று கேட்டார்.

"நிச்சயமாச் சொல்லேலாது அம்மா. கிட்டப் போய் அளக்க எங்களை விடேல்லை," என்றேன்.

பக்கத்தில் இருந்த இராணுவ அதிகாரி, பயமென்றால் வேறு இடம் பார்க்கலாமே என்றார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அகதியாய் அலைஞ்சு திரும்பி வந்த காணி இது. கெடுதல் இருக்கோ இல்லையோ தெரியாதெண்டால், தெரியுமட்டும் ரேடாரை நிப்பாட்டுங்கோ. நாங்கள் ஏன் காணியை விட்டு எழும்பவேணும்?"

 

அவருடைய தலையிடிக்குக் காரணம் எனக்கு இன்றும் தெரியாது. அன்று திரும்பும்போது, முகாம் வேலியோரம் அவர் தென்னம்பிள்ளை நடக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.